போலீஸ் வண்டியில் வந்த தண்ணீர்

ஐம்பதுகளின் நடுவில் என் கணவர் ஓசூருக்குச் சப்-இன்ஸ்பெக்டராக மாற்றலாகி வந்தார். எனக்கு இருபத்திரண்டு வயது. மகளுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. வந்து இறங்கிய அன்று அவர் சார்ஜ் எடுத்துக்கொள்ள ஸ்டேஷனுக்குள் போய்விட்டார். பின்னால் இருந்த போலீஸ் லைனை எனக்குச் சுற்றிக் காட்டியவர் ஏட்டையா. ஹெட் கான்ஸ்டபிளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஓடு போட்ட ஒரே நீளக் கட்டடம். அதைத் தடுத்துத் தடுத்து ஒன்பது குடித்தனங்கள். சற்றுத் தள்ளி எங்கள் வீடு. நடுவில் கல் கட்டிய ஒரு கிணறு. நான் எட்டிப் பார்த்தேன். அடியில் நெளிந்துபோன வாளி ஒன்று கிடந்தது. அதைச் சுற்றிச் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

“இதுல எப்போங்க தண்ணி ஊறும்?” என்று கேட்டேன்.

“ஊறுமுங்கம்மா. மழ பேஞ்சா ஊறும்.”

“அதுவரைக்கும்?”

“அதுக்குத்தான் வண்டி இருக்குதுங்களே,” என்றார் ஏட்டையா, நான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டதுபோல.

வண்டி ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றது. யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துக் கொடுத்த வண்டி அது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் கித்தான் கூரையும் இரு பக்கமும் பெஞ்சும். இரும்புக் கைப்பிடியை மூக்கில் செருகிச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். மைசூர் எல்லை பக்கத்தில் இருந்ததால், அந்தப் பக்கத்துக் கடைகளில் விற்ற சாராயம் இந்தப் பக்கம் வராமல் பார்ப்பதுதான் ஸ்டேஷனின் முக்கால் வேலை. மதுவிலக்கு ரெய்டுக்கு இந்த வண்டிதான் போகும். பிடித்தவர்களையும் பானைகளையும் இதுதான் ஏற்றி வரும்.

அரசாங்க வண்டியைச் சொந்த வேலைக்கு எடுக்கக்கூடாது. ஆனால் எஞ்சின் கெடாமலிருக்கத் தினமும் காலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எந்தத் திசையில் ஓட்ட வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. எனவே எங்களுக்கு முன்பிருந்த அதிகாரிகளின் காலத்திலிருந்தே வண்டி காலையில் பாகலூர் ரோட்டில் ஒரு தோட்டம் வரைக்கும் ஓடும். அங்கே கிணற்றில் கவலை இழுத்துத் தோல் சாலில் தண்ணீர் இறைக்கும் மாடுகள் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும். பின்பெஞ்சுகளுக்கு நடுவில் வைத்த இரும்புப் பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வண்டி லைனுக்குத் திரும்பும். எஞ்சின் சத்தம் கேட்டதும் பெண்கள் குடங்களோடு வரிசையில் நிற்போம். பெரிய குடும்பத்துக்கு முதலில், ஒண்டி ஆட்களுக்குக் கடைசியில் என்று ஏட்டம்மா, அதாவது ஏட்டையாவின் மனைவி, முறை வைத்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு முதல் குடம் என்றுதான் வழக்கமாம். வந்த முதல் வாரத்தில் நான் கூச்சப்பட்டு நடுவில் போய் நின்றேன். ஏட்டம்மா என் இடுப்புக் குடத்தைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார்.

“நீங்க பின்னால நின்னா எங்களுக்கு எப்படி எறங்கும் தண்ணி? வாங்க இப்படி. கைக்கொழந்தக்காரி.”

ஊரில் வேறு கிணறே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. லைனுக்கு அடுத்த தெருவிலேயே நல்ல கிணறு இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்களை எங்கள் வண்டி என்றைக்காவது ஒரு நாள் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. நான் ஒரு முறை அங்கே போனேன். யாரும் தடுக்கவில்லை. ராட்டினத்தில் இருந்த பெண் தன் குடம் நிரம்பிய பிறகும் கயிற்றை விடாமல் பேசிக்கொண்டே நின்றாள். அடுத்தவள் அவளிடமிருந்து வாங்கினாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. வெயில் ஏறியது. இடுப்பில் குழந்தை அழுதது. நான் வெறுங்குடத்தோடு திரும்பினேன்.

பிறகு ஏரித் தண்ணீர். அந்த வருஷம் மழை பொய்த்துக் கிணறு ஊறவே இல்லை; மழைக்கால முடிவில் வண்டி நான்கு நாள் பழுதாகிக் கிடந்தபோது ஏரியிலிருந்து கொண்டுவந்து வடிகட்டித்தான் குடித்தோம். மகளுக்குப் பேதி கண்டது. கன்னம் வற்றி, உச்சிக்குழி உள்ளே இறங்கி, அழக்கூட முடியாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “இன்னொரு தடவை இப்படி வரவிடாதீங்க.” வரவிடாமல் இருப்பது என் கையில் இருப்பதுபோல. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். சுகாதாரப் பாடத்தில் கேள்வி வந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். அன்று முதல் கவலைக் கிணற்றுத் தண்ணீரையும் கொதிக்கவைத்தே கொடுத்தேன்; கொதித்தது போதுமா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் ஆறிப்போய் மறுபடியும் கொதிக்கவைப்பேன்.

போலீஸ் வேலை என்றால் திருடனைப் பிடிப்பது என்று நினைத்துத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் வீட்டுக்கு வந்து பேசியதெல்லாம் ஓடு, பூட்ஸ், பெட்ரோல். லைனில் ஓடு சரிந்த வீடுகள் எத்தனை. பாராவுக்கு ஆள் போட்டால் எல்லைச் சாவடிக்கு ஆள் இல்லை. சாவடிக்குப் போட்டால் கோர்ட்டுக்குக் கைதியைக் கூட்டிப்போக ஆள் இல்லை. ஒருவன் லீவு கேட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கிணற்றை ஆழப்படுத்தக் கேட்டு எழுதியிருந்தார். இப்போதைய ஆழம் எவ்வளவு என்று மேலே இருந்து கேட்டார்கள். ஆள் இறக்கி அளந்து அனுப்பினார். கிணறு யார் பொறுப்பு, போலீஸா, பொதுப்பணியா என்று அடுத்து கேட்டார்கள். அத்தோடு சரி.

மாசி கடைசியில் போலீஸ் சூப்ரண்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்று சேதி வந்தது. சேதியோடு ஒரு வதந்தியும் வந்தது. வேறொரு ஊரில் வண்டியைத் துருப்பிடிக்க விட்டிருந்தார்களாம். சூப்ரண்டு அந்த இடத்திலேயே அதைப் பிடுங்கிக்கொண்டாராம். டிரைவர்தான் சொன்னார். அவர் தெலுங்கு பேசுகிறவர், வண்டியைத் தவிர வேறு எதைப் பற்றியும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

“வச்சிக்கத் தெரியாதவங்களுக்கு வண்டி எதுக்குன்னு கேட்டாராம், அம்மகாரு,” என்றார்.

அன்று சாயங்காலமே லைன் முழுக்க அந்தப் பேச்சுதான். வண்டி போனால் தண்ணீர் போயிற்று. யாரும் வேறு விதமாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஏட்டம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தார்.

“சூப்ரண்டையா கண்ணு கூசணும். அப்பிடித் தேச்சி வெக்கலாம் வண்டிய.”

“நம்மளா? ஆம்பளைங்க வேல,” என்றாள் ஒருத்தி.

“ஆம்பளைங்க அவிங்க பெல்ட்டுப் பித்தளையத் தேய்க்கவே நாம வேணும். வண்டிய அவிங்க தேய்ப்பாங்களா? சும்னிரு நீயி.”

ஏட்டம்மாவுக்குத் தாய்மொழி கன்னடம். கோபமோ உற்சாகமோ வந்தால் அது எட்டிப் பார்க்கும்.

அடுத்து வந்த நாட்கள் எனக்கு இன்னும் தெளிவாக இருக்கின்றன. கான்ஸ்டபிள்கள் ஸ்டேஷன் பாதையின் இருபுறமும் கற்களை வரிசையாக நட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். வேப்பமரத்தின் இடுப்பு வரை வெள்ளையும் காவியும் பூசினார்கள். பெண்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டோம். சாம்பல் போட்டு, தேங்காய்நார் கொண்டு, சக்கரத்தின் குழிவரை தேய்த்தோம். விளக்கு வளையங்களுக்குப் புளி. முன் இருக்கை கிழிந்து நார் பிதுங்கிக்கொண்டிருந்தது. என் அம்மா சீர் கொடுத்த தையல் மிஷினில் பழைய காக்கிக் கித்தானை வெட்டி நான் உறை தைத்தேன். முனைகளுக்கு இரட்டைத் தையல். நிறம் ஒரே மாதிரி இல்லையே, பார்ப்பவர் கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு முறை பிரித்து மாற்றினேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் பீப்பாய்த் தண்ணீர் முழுவதையும் வண்டி மேலேயே ஊற்றிக் கழுவினோம். யாரும் குடம் எடுக்கவில்லை. குழந்தைக்கென்று நான் ஒரு கூஜாவில் மட்டும் பிடித்து வைத்தேன். அன்று லைனில் பல வீட்டில் உலை வைக்கவில்லை. காலைக் களியைப் புளித்த மோரில் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. டிரைவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குதும்மா,” என்றார் ஏட்டம்மா.

“மாப்ள வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லாம இருக்கணும்,” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

சூப்ரண்டு வந்தார். நான் குழந்தையை வைத்துக்கொண்டு சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லத்தி, பெல்ட், லாக்கப், ஆயுத அறை எல்லாம் பார்த்தார். வண்டிக்கு முன்னால் நின்றார். விளக்கு வளையத்தைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பிறகு ஏறி உட்கார்ந்து எல்லைச் சாவடி வரை போய் வந்தார். நான் தைத்த உறையில் உட்கார்ந்துதான். திரும்பி இறங்கும்போது என் கணவரின் தோளைத் தட்டினார். நான் பார்த்தேன்.

அன்று மத்தியானம் என் கணவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

“ஜில்லாவிலேயே இப்படி ஒரு வண்டியப் பாக்கலைன்னு சொல்லிட்டார்,” என்றார்.

“கிணத்தப் பத்திச் சொன்னீங்களா?”

“சொன்னேன். எழுதச் சொன்னார்.”

“எழுதினதுதானே.”

“மறுபடி எழுதச் சொன்னார்.” அதற்குமேல் என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஏட்டம்மா அன்று லைன் முழுவதற்கும் வெல்லம் போட்டுக் கேழ்வரகு உருண்டை பிடித்துக் கொடுத்தார்.

பங்குனியில் உத்தரவு வந்தது. ஓசூரில் நல்ல நிலையில் உள்ள வண்டியை, வேலை அதிகமுள்ள ஒரு பெரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். டிரைவரும் வண்டியோடு போக வேண்டும். ஓசூர் ஸ்டேஷன் உபயோகத்துக்கு இரண்டு சைக்கிள்கள் அனுப்பப்படும்.

என் கணவர் அதை ஸ்டேஷனில் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அழுக்கா விட்டிருந்தாலும் எடுத்திருப்பாங்க,” என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். சொன்ன பிறகு அது ஆறுதலா என்று எனக்கே தெரியவில்லை.

“யாருக்குத் தெரியும்,” என்றார்.

லைனில் முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஏட்டம்மா வந்து கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நார் தேய்த்ததில் ஏற்பட்ட காய்ப்பு இன்னும் இருந்தது. “எங் கையாலயே ஜோடிச்சி அனுப்பிட்டனே,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சைக்கிள்கள் வந்தன. என் கணவர் மனம் தளராமல் ஒரு ஏற்பாடு செய்தார். இரண்டு கான்ஸ்டபிள்களைக் காலை ரோந்து என்று பாகலூர் ரோட்டுக்கு அனுப்பினார். கேரியரில் இரு பக்கமும் குடம் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். வண்டியில் போன நாட்களில் தோட்டக்காரர் சத்தம் கேட்டதுமே எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவாராம். சைக்கிளைப் பார்த்தபோது கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. முதல் நாள் மாட்டுக்குக் கால் நோவு என்றார். அடுத்த நாள் கவலைச்சால் கிழிந்துவிட்டது என்றார். மூன்றாம் முறை போனபோது, வழியில் சைக்கிள் சரிந்து குடம் நசுங்கி, சொட்டும் குடத்தோடு ஒருவர் வந்து சேர்ந்தார். அதற்குள் சாவடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பார வண்டி சரக்கோடு தாண்டிப் போய்விட்டது. மேலே இருந்து விளக்கம் கேட்டார்கள். காலை ரோந்து அத்தோடு நின்றது.

பெண்கள் அடுத்த தெருக் கிணற்றுக்கே போனோம். விடியுமுன் போய் நின்றால் வெயில் ஏறும்போது ஒரு குடம் கிடைக்கும். சில நாள் கிடைக்காது. கிடைக்காதவர்கள் ஏரியில் மொண்டார்கள். என் பங்கில் கிடைத்ததைக் குழந்தைக்கென்று தனியாக மூடி வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது எந்தப் பானையிலிருந்து எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுவேன். சித்திரை பிறந்ததும் லைனின் நடுவீட்டுக் குழந்தை ஒன்றுக்குப் பேதி கண்டது. பிழைத்துக்கொண்டது. அடுத்து அதன் அக்காவுக்கு. நான் என் மகளின் உச்சிக்குழியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் தூங்கினாலும் பயம், தூங்காவிட்டாலும் பயம்.

காவேரிப்பட்டினத்தில் என் பிறந்த வீடு ஆற்றுக்குப் பக்கத்தில். தென்பெண்ணையில் கோடையிலும் ஊற்றுத் தோண்டினால் தெளிந்த தண்ணீர் வரும். அம்மா இரண்டு முறை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நான் போகவில்லை. லைனில் மற்ற பெண்கள் இருக்கும்போது சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்காரி மட்டும் மூட்டை கட்டினால் நன்றாகவா இருக்கும்? எல்லாப் பெண்களும் பிள்ளைகளும் ஊர்களுக்குப் போன பிறகு கடைசியாகப் போகலாம் என்று நினைத்திருந்தேன். அதுதான் முறை என்று எனக்குப் பட்டது. ஏட்டம்மாவிடமும் ஒரு நாள் அப்படியே சொன்னேன். “நீங்க இருக்கறவரைக்கும் நாங்களும் இருக்கறோம்,” என்றார் அவர்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் என் கணவர் சொன்னார்: “நாளைக்குக் காலை பஸ்ஸுல நீயும் பாப்பாவும் காவேரிப்பட்டினம் கிளம்புங்க.”

“மத்தவங்க போகட்டும். அப்புறம் போறேன்.”

“மத்தவங்கள நான் எப்படிப் போகச் சொல்றது? என் குடும்பத்த இங்க வச்சிக்கிட்டு, உன் பொண்டாட்டி பிள்ளைய ஊருக்கு அனுப்புடான்னு ஒரு கான்ஸ்டபிள்கிட்டச் சொல்ல முடியுமா? கேட்டவன் என்ன நினைப்பான்? லைனைக் காலி பண்ணப் பாக்கறார்னு நினைப்பான்.”

“நான் முதல்ல போனா, விட்டுட்டு ஓடறேன்னு நினைப்பாங்களே.”

“நினைக்கட்டும். நீ போன மறுநாளே நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“இன்னைக்கே சொல்லிடுங்களேன். எல்லாரும் சேர்ந்தே போறோம்.”

“சேர்ந்து போனா அது உத்தரவு ஆயிடும். லைனைக் காலி பண்ண எனக்கு அதிகாரம் இல்ல. நீ போ. அப்புறம் அவங்கவங்க தானா போவாங்க.”

எனக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. வாதாட ஒன்றும் இல்லை. அவர் சொன்னதில் தப்பு இருந்ததா என்று இத்தனை வருஷம் கழித்து யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை. நான் நினைத்த முறையில் போயிருந்தால் எத்தனை பெண்கள் கிளம்பியிருப்பார்கள், எத்தனை பேர் என்னைப் பார்த்து இருந்துவிட்டிருப்பார்கள் என்றும் தெரியவில்லை. பெட்டியை எடுத்துத் துணிகளை மடித்து வைத்தேன். குழந்தையின் கூஜாவைக் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் செலவாயிற்றே என்று வருத்தப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

காலையில் கிருஷ்ணகிரி போகும் பஸ் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னாலேயே நிற்கும். நான் குழந்தையோடு நடந்தபோது பெண்கள் கிணற்று வரிசையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாதிக் குடங்கள் காலியாக இருந்தன. என் கையில் பெட்டியைப் பார்த்ததும் வழி விட்டு ஓரமாக நின்றார்கள். ஏட்டம்மா முன்னால் வந்து மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

“பாட்டி ஊருக்கா கண்ணு? போ, போ. நல்லா ஆத்துல வெளையாடு.”

“பத்து நாளுங்க,” என்றேன். எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது.

“பத்தோ பதினஞ்சோ. நீங்க எதுக்கும்மா எங்களுக்குச் சமாதானம் சொல்றீங்க?” என்றார் ஏட்டம்மா. குரலில் கோபம் இல்லை. “போறதுதான் போறீங்க, ஆத்துல முழுகறப்போ எங்க பேரையும் சொல்லி ஒரு முழுக்குப் போடுங்க.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தாள். என் கணவர் ஸ்டேஷன் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லாம் கேட்டிருக்கும். நாளைக்குச் சொல்வதாகச் சொன்னதை அவர் இப்போதே சொல்லிவிடுவார் என்று பார்த்தேன். பஸ் கண்டக்டரிடம் பெட்டியை மேலே ஏற்றச் சொன்னார். அவ்வளவுதான்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏட்டம்மா கீழேயே நின்றுகொண்டிருந்தார்; இடுப்பில் இருந்த குடம் தளும்பாமல் நின்றது, உள்ளே ஒன்றும் இல்லாததால். எங்கள் சமையலறையில் வடிகட்டிய தண்ணீர் ஒரு பானை நிறைய மூடி வைத்திருந்தேன். முந்தின நாள் கிடைத்தது. நான் இல்லாதபோது என் கணவர் ஸ்டேஷனிலேயே சாப்பிட்டுக்கொள்வார், அவருக்கு அது தேவைப்படாது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஏட்டம்மாவிடம் சொல்லலாம். சொன்னால், போகிறவள் மீதியைப் போட்டுவிட்டுப் போகிறாள் என்று ஆகுமா? சொல்லாவிட்டால், பின்னால் யாராவது வீட்டைத் திறந்து பார்க்கும்போது நான் அத்தனை தண்ணீரையும் ஒளித்து வைத்திருந்ததாகத் தெரியுமா? ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். “ஏட்டம்மா,” என்று கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டார்.

“உள்ள பானையில...” என்று தொடங்கினேன். பஸ் டிரைவர் எஞ்சினை முடுக்கினார். ஏட்டம்மா காதருகே கையை வைத்துக்கொண்டு இரண்டடி பஸ்ஸோடு நடந்து வந்தார். பிறகு நின்றுவிட்டார்.